தொட்டால் இடி விழும்

மனிதன் நெருப்பை உண்டாக்கிய முதல் நாளே பக்கத்துக் குகைக்காரன் அதிலிருந்து ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு போய்விட்டான். அன்று தொட்டு இன்று வரை படைக்கிறவன் ஒருவன், அனுபவிக்கிறவன் வேறொருவன் என்பதே உலக வரலாறு. இந்த உண்மையை இடிமுரசு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடி அறையில், ‘ஒலி எழுப்பாதே’ என்ற போக்குவரத்துச் சின்னத்துக்கு நேர் கீழே நின்று, குறிப்புச் சீட்டு எதுவும் இல்லாமல் அறிவித்தான். கேட்டவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் லைசென்ஸ் வகுப்பு என்று நினைத்து வந்தவர். பாதியில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காதே என்று கடைசிவரை உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தை நடத்தியது புதிய ஹிப்ஹாப் இசையமைப்பாளர் பாதுகாப்புப் பேரவை. வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பீட் போடுகிற புதியவர்களின் உழைப்பை இணையத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவது அதன் நோக்கம். பீட் என்பது பாடுகிறவர் வந்து சேர்வதற்கு முன்பே தயாராகிவிடும் இசை. யாராவது வந்து தன்மேல் சொற்களை ஏற்றுவார்களா என்று அது பாட்டுக்குத் தாளம் போட்டுக் காத்திருக்கும். பேரவையின் பதினோரு உறுப்பினர்களிடமும் பீட் இருந்தது. யாரும் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பதிவு செய்துவிடக் கூடாதே என்று வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்து எல்லோருடைய போனையும் அதில் போடச் சொன்னார்கள். ஆகவே இசையை வாயால் விவரிக்க வேண்டியிருந்தது. முதலில் டும் டும் என்று வரும், அப்புறம் ஒன்று வரும், அது என்ன என்று சொல்ல மாட்டேன் என்றான் ஒருவன். மற்றவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். அந்த ஒன்று தங்களிடமிருந்து போனதாக இருக்குமோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது.

இடிமுரசு பேரவையின் தலைவன். பெயர் அவனே வைத்துக்கொண்டது. வீட்டில் அவன் சின்னவன். வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் “ஏம்ப்பா”. செயலாளர் அவனுடைய அத்தை மகன். கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறவன். அவன் தனக்கு வைத்துக்கொண்ட கலைப்பெயர் மௌனம். அவன் பேசாமல் இருந்ததை அவனைப் பெற்றவளே பார்த்ததில்லை.

இருவரும் சேர்ந்து இரண்டு வருடத்தில் ஒரே ஒரு பீட் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும், அது நன்றாக இருந்தது. கடையில் லென்ஸைத் தேய்த்து வடிவுக்குக் கொண்டுவருகிற பழைய மெஷின் ஒன்று இருந்தது. கண்ணாடி சக்கரத்தில் படும்போது அது தாழ்வாக ஒரு முனகல் முனகும். ஓரம் மெலிந்து வரும்போது சட்டென்று மேலே போய், யாரோ கேள்வி கேட்டதுபோல நிற்கும். ஒருநாள் இடிமுரசு அதை போனில் பதிவு செய்தான். மௌனம் அதை வெட்டி ஒட்டி மெலடி ஆக்கினான். போனில் இடம் போதாததால் அந்தப் பதிவை அழித்துவிட்டார்கள். கீழே டிரம்ஸும் பேஸும் போட்டார்கள். அடுத்த வாரமே முதலாளி மெஷினைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கினார். புதியதற்குச் சத்தமே கிடையாது. ஆக, உலகத்தில் அந்த முனகல் இருந்த ஒரே இடம் இவர்களுடைய பீட்தான்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரிலிருந்து இடிமுரசு அதை இணையத்தில் ஏற்றினான். ஏற்றி, பக்கம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் முதலாளி கூப்பிட்டார். ஒரு அம்மாளுக்கு மூக்குத் தாங்கி மாற்ற வேண்டும். அந்த அம்மாளின் மூக்கு சுலபமான மூக்கு அல்ல. திரும்பி வந்து உட்கார்ந்தபோது இரண்டு மணி பத்து நிமிடம் போயிருந்தது. அப்போதுதான் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பீட்டில் டேக் இல்லை. டேக் என்பது இசையின் நடுவே இது யாருடையது என்று சொல்லும் குரல். அது இல்லாத பீட் பூட்டில்லாத சைக்கிள். இரண்டாவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி டவுன்லோட் பொத்தான் திறந்தே கிடந்தது. அதன் கீழே ஒரு எண் இருந்தது. 1.

அந்த நிமிடமே அவன் பீட்டைப் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டான். ஆனால் அந்த 1 அவன் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எங்கோ ஒருவன் எடுத்துவிட்டான். பேரவை பிறந்தது அன்று மாலை.

அந்த ஒருவனுக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை. “அவன்” என்றால் போதும். அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான், எந்த ஊரில் எந்தப் படத்துக்கு விற்றிருப்பான் என்று இடிமுரசு லென்ஸ் துடைக்கும்போதெல்லாம் யோசித்தான். தெருவில் கார் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தான். கடைக்கு வருகிறவர்கள் போன் அடித்தால் அவர்கள் எடுப்பதற்கு முன் ரிங்டோனை முழுதும் கேட்க ஆசைப்பட்டு, “எடுக்காதீங்க, கொஞ்சம் இருங்க” என்று ஒருவரிடம் சொல்லியேவிட்டான்.

பிறகு டேக் தயாரானது. அம்மாவின் துணி அலமாரிக்குள் கம்பளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இடிமுரசு தன் குரலைப் பதிவு செய்தான்: “இது இடிமுரசு. தொட்டால் இடி விழும்.” வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, என்ன விழுந்துவிட்டது என்று கேட்டாள். அந்த டேக்கை எட்டு விநாடிக்கு ஒரு முறை வைத்து பீட்டை மறுபடி ஏற்றினார்கள். கேட்கிறவருக்கு இடிமுரசைப் பற்றி ஐயமே வராது. இசையைப் பற்றித்தான் கொஞ்சம் ஊகிக்க வேண்டியிருக்கும்.

அதுவும் போதவில்லை. டேக் இல்லாத அசல் லேப்டாப்பில் இருக்கிறதே, லேப்டாப்பை யாராவது தூக்கினால்? முப்பிரிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது மௌனம். கூரியரில் விலை உயர்ந்த சாமானை ஒரே பெட்டியில் அனுப்ப மாட்டார்கள் என்று அரை மணி நேரம் விளக்கினான். பீட்டை மூன்றாக உடைப்பது. டிரம்ஸ் இடிமுரசிடம். பேஸ் மௌனத்திடம்; அவன் அதைத் தன் போனில் ‘பல்வலி மாத்திரைச் சீட்டு’ என்ற பெயரில் ஒளித்துவைத்தான். உயிர் போன்ற மெலடி மூன்றாவது ஆளிடம். அந்த ஆளுக்கு அது என்னவென்றே தெரிந்திருக்கக் கூடாது. அதற்குத் தகுந்தவள் அம்மாதான். மெலடி ஏறிய பென்டிரைவைப் பள்ளிச் சீருடைகளுக்கு அவள் பட்டன் தைக்கும் டப்பாவுக்குள் வைத்தார்கள். யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு லேப்டாப்பில் இருந்த முழு அசலையும் இருவருமாகச் சேர்ந்து, ஆளுக்கொரு விரல் வைத்து, அழித்தார்கள். தனி ஒருவனிடம் முழுசும் இல்லை என்பதால் தனி ஒருவனால் திருட முடியாது. அன்றைக்கு இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.

இந்த நிலையில்தான் குண்டூசி வந்து சேர்ந்தாள்.

இடிமுரசின் அக்கா கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் அவளோடு படித்தவள் குண்டூசி. அதனால் இருவருக்கும் அவள் அக்கா முறை. ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் திட்டு வாங்குவாள். பதிலுக்கு மூன்று வாக்கியம்தான் சொல்லலாம், மூன்றும் கம்பெனி எழுதிக் கொடுத்தது. எட்டு வருடமாகச் சொல்லாமல் விழுங்கிய பதில்களையெல்லாம் சேர்த்து அவள் ஒரு ராப் எழுதியிருந்தாள். அதை எந்த பீட்டில் வைத்துப் பார்த்தாலும் உட்காரவில்லை. இடிமுரசின் இணையப் பக்கத்தில், எட்டு விநாடிக்கு ஒரு இடி விழுவதையும் பொறுத்துக்கொண்டு, அந்த முனகலைக் கேட்டபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேள்வி கேட்டதுபோல நிற்கிற அந்த இடம் அவளுடைய எண்பது பேரும்தான். அடுத்த அடியில் அவள் பதில்.

ஒரு இசைக் கம்பெனி இணையத்தில் புதிய ராப் பாடகர்களுக்குப் போட்டி வைத்திருந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பாட்டு போய்ச் சேர வேண்டும். பாட்டில் வேறு ஆளின் குரலோ டேக்கோ இருக்கக் கூடாது. வயது முப்பதுக்குள். குண்டூசிக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது.

மூன்று மாதம் அவள் டேக் வைத்த பீட்டிலேயே பழகினாள். இடிமுரசு குறுக்கிடும் இடங்களில் மூச்சு விட்டுக்கொண்டாள். குரலைத் தனியாகப் பதிவு செய்தும் வைத்துவிட்டாள். சுத்தமான பீட் ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்டபோது இடிமுரசு எழுதிய ஏழு பக்க ஒப்பந்தம் ஒன்று வந்தது. அதன்படி அவள் மெட்டைப் பொது இடத்தில் முணுமுணுக்கக் கூடாது, தூக்கத்திலும். அவள் முழுக்கப் படித்து, நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை. முன்கூட்டியே கொடுத்தால் கசிந்துவிடும், சனிக்கிழமை மதியம் மூன்று பிரிவையும் நேரில் சேர்த்து அப்படியே ஏற்றிவிடலாம் என்றான் இடிமுரசு. அவள் எட்டு வருடப் பழக்கத்தில், “உங்கள் பொறுமைக்கு நன்றி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை இடிமுரசு வயிற்று வலி என்று கடைக்கு லீவு சொன்னான். இரண்டு மணிக்கு அவனுடைய அறையில் கூடினார்கள். ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வெளிச் சத்தத்தை அடைத்திருந்ததால் காற்றும் இல்லை. குண்டூசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மௌனம், பாதுகாப்புக்காக வேறு வழியாகச் சுற்றி வந்ததை விளக்கிக்கொண்டிருந்தான். டிரம்ஸ் திறந்தது. பல்வலி மாத்திரைச் சீட்டும் திறந்தது. இடிமுரசு கூடத்துக்குப் போய் அம்மாவிடம் பட்டன் டப்பாவைக் கேட்டான். பென்டிரைவ் அதில் பத்திரமாக இருந்தது. லேப்டாப்பில் செருகினான். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஃபைல்: வீட்டுக்குத் தண்ணீர் இணைப்புக் கோரும் மனு.

எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதுல ஒண்ணு இருந்ததே.”

“இருந்துச்சு. மனு டைப் அடிச்சு பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போனேன். அந்தத் தம்பி, உள்ள ஏதோ அடைச்சிட்டிருக்கு, அழிச்சிரட்டுமான்னு கேட்டுது. நான்தான் சரின்னேன்.”

“எப்பம்மா?”

“அது ஆச்சு ரெண்டு மாசம். இன்னும் தண்ணி வந்த பாடில்ல.”

இடிமுரசு டப்பாவைக் கவிழ்த்துப் பட்டன்களைக் கொட்டிப் பார்த்தான். யாரும் எடுக்காமல் பார்த்துக்கச் சொன்னேனே என்று மட்டும் வந்தது.

“யாரும் எடுத்துடக் கூடாதுன்னுதானே சொன்ன?” அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். “இனி யாராலயும் எடுக்க முடியாது. நிம்மதியா இரு.”

அறைக்குத் திரும்பியதும் டிரம்ஸையும் பேஸையும் மட்டும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். மாடிப்படியில் யாரோ மேஜையை இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. மௌனம் வாயாலேயே முனகிப் பார்த்தான். மூன்றாவது முறை குண்டூசி, போதும் என்று கை காட்டினாள். டேக் வைத்த பீட்டிலிருந்து டேக்கை மட்டும் பிரித்தெடுக்கப் பார்த்தார்கள். எட்டு விநாடிக்கு ஒரு முறை, அலமாரிக் கதவுக்குப் பின்னாலிருந்து அழுத்தமான குரலில், இடிமுரசு தன் படைப்பைக் காத்துக்கொண்டே இருந்தான். மணி மூன்றேகால்.

குண்டூசி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இருவருக்கும் தோன்றியது. ஜன்னலில் சாய்த்திருந்த மெத்தையையே பார்த்துக்கொண்டு, வேறு பாட்டும் இல்லை, அடுத்த வருஷத்துக்கு வயசும் இல்லை என்று கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அறையின் குறுக்கே நடந்துகொண்டிருந்த மௌனம் சட்டென்று நின்றான்.

“அவன்கிட்ட இருக்கும்.”

யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு மணி பத்து நிமிடத்தில், டேக் இல்லாமல், முழுசாக, சுத்தமாக எடுத்துக்கொண்டு போனவன் ஒருவன் இருக்கிறான். உலகத்தில் அசல் பிரதி இருக்கும் ஒரே ஆள் அவன். பதினோரு மாதமாக அவனைப் பிடித்தால் என்ன செய்வது என்று பட்டியல் போட்டிருந்த இடிமுரசுக்கு உடம்பெல்லாம் ஒரு பாசம் பரவியது. ரசனை இல்லாதவன் எடுத்திருக்க மாட்டான். எடுத்ததை அழித்திருக்கவும் மாட்டான். அம்மாவைப் போல இல்லை.

அவனுக்கு ஒரு கடிதம் எழுதி எல்லா இடத்திலும் போடுவது என்று முடிவானது. ‘மதிப்பிற்குரிய திருடர் அவர்களுக்கு’ என்று மௌனம் தொடங்கினான். திருடர் என்றால் புண்படும், ‘எடுத்தவர்’ என்று போடலாம் என்றான் இடிமுரசு. இந்த விவாதத்தில் பன்னிரண்டு நிமிடம் போனது. கடைசியில் குண்டூசி போனைப் பிடுங்கி எழுதினாள்: சென்ற ஆண்டு இடிமுரசின் பக்கத்திலிருந்து பீட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து அதை இன்று மாலை ஆறு மணிக்குள் திருப்பி அனுப்பவும்; உங்கள் பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளலாம். கீழே இடிமுரசு, வழக்குப் போட மாட்டோம் என்று சேர்த்தான். மௌனம், உங்கள் ரசனைக்கு நன்றி என்று சேர்த்தான்.

பேரவைக் குழு உட்பட ஒன்பது இடங்களில் அது போய் நின்றது. அரை மணி நேரம் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதல் பதில் பேரவையின் பொருளாளரிடமிருந்து வந்தது: கும்பிடும் இரண்டு கைகள். இன்னொரு உறுப்பினர், கிடைத்தால் தனக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொன்னான். லைசென்ஸ் வகுப்பு என்று நினைத்து வந்தவர் குழுவிலிருந்து இன்னும் விலகவில்லை. அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டிருந்தார். நாலே முக்கால்.

“அவன் பாக்கலையோ என்னவோ,” என்றான் மௌனம். “ஒருவேளை ஆன்லைன்லயே இல்லையோ. உடம்பு கிடம்பு சரியில்லையோ.”

இடிமுரசு எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து மெத்தையை நகர்த்திவிட்டுத் தெருவைப் பார்த்தான். அவன் நடந்து வந்துகொண்டிருப்பான் என்று எதிர்பார்த்தவன்போல.

அப்போது குண்டூசி நிமிர்ந்து உட்கார்ந்து, காதில் இல்லாத ஹெட்போனைச் சரி செய்வதுபோல முடியை ஒதுக்கினாள். வெளியே வந்தது அவளுடைய வேலைக் குரல். எதிரில் எவன் கத்தினாலும் ஒரே உயரத்தில் நிற்கும் குரல்.

“எந்த கம்ப்யூட்டர்லேர்ந்து ஏத்துனீங்க?”

“கடைல, பில் போடற கம்ப்யூட்டர்.” அவனையறியாமல் அவனும் நேராக நின்றான்.

“ஏத்தி முடிச்ச உடனே என்ன பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணல. ஒழுங்கா வந்திருக்கான்னு பாத்தேன்.”

“எப்படிப் பாத்தீங்க?”

“சும்மா… எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தேன்.”

“எல்லாத்தையும்னா?”

பதில் வரவில்லை. புகார்ப் பிரிவில் இந்த இடைவெளி அவளுக்கு நன்றாகத் தெரியும். போனில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு மணி நேரம் கத்தியவர், சுவிட்சைப் போடாததைக் கண்டுபிடிக்கும் நேரம் அது.

“டவுன்லோட் பொத்தானும் அமுக்குனீங்களா?”

“அது மூடியிருக்கான்னு பாக்கத்தான்,” என்றான் இடிமுரசு, மிகவும் மெதுவாக. “அப்ப முதலாளி கூப்பிட்டாரு. மூக்குத் தாங்கி.”

மௌனம் அன்று முதன்முறையாக ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை எடுத்துப் பையில் போட்டான்.

கடை நான்கு தெரு தள்ளி இருந்தது. முதல் தெருவில் வேகமாக நடந்தார்கள், இரண்டாவதில் ஓடினார்கள், மூன்றாவதில் ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்ததால் நிற்க வேண்டியிருந்தது. இடிமுரசு நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். முதலாளி போன மாதம் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யப்போவதாகச் சொன்னார். சொன்னதைச் செய்கிற ஆள்தானா அவர் என்று ஆறு வருடம் வேலை செய்தும் அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

முதலாளி ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொள்ள மறந்து வந்துவிட்டோம் என்பது இடிமுரசுக்கு உள்ளே நுழைந்த பிறகுதான் உறைத்தது.

“ஏம்ப்பா, வயித்து வலி மூணு பேருக்கும் ஒட்டிக்கிச்சா?”

இடிமுரசு காரணம் சொல்லத் தொடங்கினான். குண்டூசி அவனைத் தாண்டிப் போய், ஐயா, பத்து நிமிஷம் உங்க கம்ப்யூட்டர் வேணும் என்றாள். அவள் கேட்ட விதத்தில் முதலாளி தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். டவுன்லோட் ஃபோல்டரில் பதினோரு மாதத்துக் குப்பையும் அப்படியே இருந்தது. சொன்னதைச் செய்கிற ஆள் அல்ல அவர். பில்கள், ஃப்ரேம் படங்கள், யாருடைய பேரன் வரைந்த யானையோ ஒன்று. இடிமுரசு கீழே கீழே தள்ளிக்கொண்டே போனான். தேதியைப் பார்த்து நிறுத்தினான். அமுக்கினான்.

கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கரில் அந்த முனகல் தாழ்வாகக் கிளம்பி, மேலே போய், கேட்டுவிட்டு நின்றது. நடுவில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. சோதனை ஃப்ரேமை மூக்கில் மாட்டியிருந்த பெரியவர் தலையைத் திருப்பினார். முதலாளி, இது நம்ம பழைய மெஷின் ஆச்சே, இங்க எங்க வந்துச்சு என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அப்போது யாருக்கும் நேரமில்லை.

கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே, லென்ஸ் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, மௌனம் லேப்டாப்பை வைத்தான். குண்டூசியின் குரலை பீட்டின்மேல் ஏற்றினான். டேக்குக்காக அவள் மூச்சு விட்ட இடங்களெல்லாம் இப்போது வெறுமையாக இருந்தன. அவளுக்கு அது முதலில் திடுக்கென்று இருந்தது. எண்பது பேரில் ஒருவன் கேட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல இருந்தது. அந்த இடம் அப்படியே இருக்கட்டும், நிரப்ப வேண்டாம் என்றாள். பெரியவர், மேல் வரி தெரிகிறது, கீழ் வரியை இந்தத் தம்பி தலை மறைக்கிறது என்று புகார் சொன்னார்.

ஐந்து ஐம்பத்து மூன்றுக்குப் போட்டிப் பக்கம் திறந்தது. பெயர், வயது, பாட்டு. அதன் கீழே பதினெட்டு நிபந்தனைகள். எல்லாவற்றையும் படித்து ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு சின்னப் பெட்டி. ஏழு பக்க ஒப்பந்தம் எழுதியவன் ஒரு வரிகூடப் படிக்காமல் அதில் டிக் அடித்தான். ஐந்து ஐம்பத்தாறுக்குப் பாட்டு போய்ச் சேர்ந்ததாகப் பச்சை எழுத்து வந்தது. குண்டூசி நாற்காலியில் பின்னால் சாய்ந்து, கூரையைப் பார்த்து, நெடுநேரம் மூச்சை விட்டாள். பிறகு முதலாளியிடம், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்றாள். அது கம்பெனி வாக்கியம்தான். ஆனால் குரல் அவளுடையதாக இருந்தது.

இரண்டு வாரத்தில் அவள் பாட்டு அடுத்த சுற்றுக்குப் போனது. இசைக் கம்பெனி அனுப்பிய கடிதத்தில் அந்த இடைவெளிகளைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். அதை இடிமுரசு தன்னுடைய பங்களிப்பு என்று சொல்லிக்கொண்டான். ஒருவிதத்தில் பொய் இல்லை. பேரவையில் திருடன் கிடைத்தானா என்று கேட்டார்கள். கிடைத்தான், ஆள் நம்ம பக்கத்து ஆள்தான், மன்னித்து விட்டுவிட்டோம் என்று மௌனம் அரை மணி நேரம் விவரித்தான். உறுப்பினர்கள் தலைவரின் பெருந்தன்மையைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். வாளியில் இருந்த போன்களில் ஒன்று அடித்தது. வழக்கம்போல இடிமுரசின் காது நிமிர்ந்தது.

பதினான்காவது நிபந்தனையை அவன் அதற்குப் பிறகுதான் படித்தான். போட்டிக்கு வந்த பாட்டுகளையும் அவற்றின் இசையையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் கீழும் அதற்கான பொத்தானும், எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணும் இருக்கும். அவன் இரவு பகலாகச் சரியாகச் சாப்பிடவில்லை. லென்ஸ் துடைப்பதற்கு நடுவே அந்த எண்ணைத் திறந்து திறந்து பார்த்தான். எத்தனை ஆயிரம் பேர் கொண்டு போகப் போகிறார்களோ என்று மௌனத்திடம் புலம்பினான்.

ஒரு மாதம் ஆனது. எண் 1 என்று இருந்தது. பொத்தான் உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று பார்க்க முதல் நாளே அவன்தான் அமுக்கியிருந்தான்.